முன்னால் ஒன்று, பின்னால் எத்தனை?

"அண்ணே, முன்னாடி இருக்குற மூணு பல்லையும் தூக்கிட்டு ஒத்தப் பல்லு போட்டுறலாமா?" போடி, தேனி, கம்பம் பக்கம் கியர் சைக்கிள் வேலை பார்க்கிற கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. பதிலும் கையோடு தயாராக இருக்கும். "32 போட்டுக்க தம்பி, பின்னாடி 42 கேசட். அம்புட்டுத்தான்." கடைப்பேச்சில் பல் என்றால் பல்சக்கரம். பெடலோடு சுற்றுகிற முன்பல்தான் செயின்ரிங், பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருப்பது கேசட். 32 முன் ரிங்கின் பல் எண்ணிக்கை, 42 கேசட்டின் மிகப் பெரிய சக்கரத்தின் பல் எண்ணிக்கை. போடிமெட்டுக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கத்துத் தமிழர்கள் நடுவிலும் இதே இரண்டு எண்கள்தான் புழங்குகின்றன. முதலில் சொன்னது யாரோ, இப்போது அது விதி மாதிரி ஆகிவிட்டது. அந்த எண்களை ஒரு தாளில் போட்டு வகுத்துப் பார்த்தால் இந்த மலைக்கு அவை ஒத்துவராது என்பது தெரிந்துவிடும். ஒற்றைச் செயின்ரிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பல் என்பதை முன்னால் பார்த்து முடிவு செய்கிறோமே, அதுதான் கோளாறு. அந்த முடிவு பின்னால், கேசட்டின் கடைசிப் பெரிய பல்லில் தொடங்க வேண்டும்.

ஒற்றையாக்குவதன் லாபம் ஊரறிந்தது. இடது கைக்கு வேலை இல்லை. செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற முன் டீரெய்லரின் கூண்டில் சேறு அடைவதில்லை. ஏற்றத்தின் நடுவில் 32-லிருந்து 22-க்கு இறக்கும்போது செயின் உள்ளே விழுந்து ஃபிரேமைச் சுரண்டுவதில்லை. 2012-ல் ஸ்ரேம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற 11 வேகத் தொகுதியை, அதாவது பின்னால் 11 பல்சக்கரம் உள்ளதைக் கொண்டுவந்தபோது பின்னால் 10 முதல் 42 வரை பல். முன்னால் ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கிற பற்கள். தடித்த பல் செயினின் வெளித்தட்டு இணைப்பிலும் மெலிந்த பல் உள்தட்டு இணைப்பிலும் உட்காரும்; வழிகாட்டி எதுவும் இல்லாமலேயே செயின் நிற்கும். 32, 42 என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். அந்தத் தொகுதியைச் செய்தவர்களே 2016-ல் பின்னால் 50 பல்லுக்குப் போய்விட்டார்கள். நம் பக்கத்துப் பேச்சு மட்டும் 42-லேயே நிற்கிறது.

எடை குறையும் என்று சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன் டீரெய்லர், இடது கையால் கியர் மாற்றும் ஷிஃப்டர், ஒரு கேபிள், இரண்டு ரிங் எல்லாம் போனால் மிச்சமாவது அரை கிலோவுக்கும் சற்றுக் கம்மிதான். 11–34 கேசட்டுக்குப் பதிலாக எஃகில் செய்த 11–46 மாட்டினால் அதில் பாதிக்குமேல் திரும்பி வந்துவிடும், அதுவும் பின்சக்கரத்தில். எடைக்காகச் செய்கிற வேலை அல்ல இது.

வகுத்துப் பார்த்தால்

முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் வருவது கியர் விகிதம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அது. 22/32/42 ரிங் போட்ட கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) 8 வேக 11–34 கேசட்டும் உள்ள சாதாரண எம்டிபியில், அதாவது மலைப்பாதை சைக்கிளில், மிகவும் இலகுவான கியர் 22-க்கு 34, விகிதம் 0.65. '32 போடு, 42 போடு' யோசனையில் வருவது 0.76. பதினெட்டு சதவீதம் கனம் கூடிவிட்டது. பழைய வண்டியில் 22-ல் வைத்து பின்னால் 34-க்கு அடுத்த 26-க்கு மாற்றினால் 0.85. அதாவது புதிதாகச் செலவு செய்து வாங்கிய முதல் கியர், பழைய வண்டியின் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மலைக்காரனுக்கு உயிர்நாடியான அந்தக் கடைசிக் கியரைக் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தாயிற்று.

இதைச் சாலையில் வைத்துப் பார்க்கலாம். முந்தலிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற்றம். சராசரி 5 சதவீதம். தேசிய நெடுஞ்சாலை என்பதால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏற்ற சரிவு; இங்கே 0.76 போதும், பழக்கப்பட்டவர்களுக்கு மிச்சமே இருக்கும். 32-ம் 42-ம் 'நல்லா இருக்கு' என்று பெயர் வாங்குவது இந்தச் சாலையில்தான். எம்டிபி வைத்திருக்கிறவர்கள் தார் ரோட்டோடு நிற்பதில்லையே. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற ஜீப் பாதை, ஏலத்தோட்டங்களுக்குள் கருங்கல் பதித்த இறக்கங்கள், கம்பம்மெட்டைச் சுற்றிய குறுக்கு வழிகள் இவற்றிலெல்லாம் 12 சதவீதம் சாதாரணம், சில திருப்பங்களில் அதற்கும் மேலே.

ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதச் சரிவில், கல் பாதையின் உராய்வையும் சேர்த்தால், ஏறத்தாழ 118 நியூட்டன் விசையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஓரளவு பழகிய ஒருவர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய 150 வாட்டில் இது மணிக்கு 4.6 கிலோமீட்டர் வேகம். 29 அங்குலச் சக்கரத்தில் 0.65 கியர் இருந்தால் பெடல் நிமிடத்துக்கு 51 சுற்று சுற்றும். 0.76 என்றால் 43 சுற்று. கணக்கில் எட்டுச் சுற்றுதான் வித்தியாசம். ஆனால் நிமிடத்துக்கு 43 சுற்றில் பெடல் மேலே வருகிற ஒவ்வொரு முறையும் வண்டி நின்றுவிடப் பார்க்கும். அந்த நேரத்தில் ஒரு கல் வந்தால் பின்சக்கரம் வழுக்கும், அல்லது கால் தரையில் ஊன்றும். முட்டிவலி என்று புலம்புகிறவர்கள் பலர் சீட் உயரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார்கள். முதல் கியரை எண்ணிப் பார்ப்பதில்லை.

வேலையின் வரிசையே இந்த இடத்தில்தான் மாறுகிறது. முதலில் பழைய வண்டியின் மிக இலகுவான கியரை எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் அதைப் பயன்படுத்துகிறீர்களா, எப்போதாவது அதற்கும் கீழே ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றியதா என்று யோசியுங்கள். பயன்படுத்துகிறீர்கள் என்றால், புதிய அமைப்பின் முதல் கியர் அதைவிடக் கனமாக இருக்கக் கூடாது. 0.65 வேண்டுமென்றால் 30-க்கு 46 (0.65) சரியாக அமர்கிறது. 32-க்கு 46 என்றால் 0.70, 32-க்கு 51 என்றால் 0.63. 30-க்கு 42 போட்டால் 0.71, தார் ரோட்டு ஏற்றம் மட்டும் போகிறவர்களுக்கு அது போதும். சக்கர அளவையும் மறக்கக் கூடாது. 27.5 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 29-ஐவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. ஆகவே 27.5-ல் 32 பல் போடுவதும் 29-ல் 30 பல் போடுவதும் காலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். யூடியூபில் ஒருவர் 32 போட்டு ஜம்மென்று ஏறுகிறார் என்றால் அவருடைய சக்கரம் என்ன, கேசட் என்ன என்று பார்த்துவிட்டுப் பிறகு ஆசைப்படலாம்.

அப்போ வேகம் போயிருமே என்பது அடுத்த கவலை. 30-க்கு 11 என்றால் நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 34 கிலோமீட்டர். பழைய 42-க்கு 11-ல் அதே சுற்றில் 47. காகிதத்தில் பெரிய இழப்பு. தேனியிலிருந்து போடிக்கு ஆனி, ஆடி மாதத்தில் மேலைக்காற்றை எதிர்த்து மிதித்துப் பார்த்தவர்களிடம் இந்த 47-ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மெட்டு இறங்கும்போதோ யாரும் மிதிப்பதில்லை, பிரேக்கைத்தான் பிடிக்கிறார்கள். உண்மையில் இழப்பு என்று சொன்னால், கம்பத்திலிருந்து உத்தமபாளையம் வழியாகச் சின்னமனூர் வரை சாலை சைக்கிள்காரர்களோடு கூட்டமாகப் போகிற ஆட்களுக்குத்தான். அவர்கள் முன்னால் இரண்டு ரிங்கோடு இருந்துவிடுவது நல்லது.

திருகு ஃப்ரீவீல் வண்டிகள்

நம் கடைத்தெருவில் விற்கிற விலை குறைந்த எம்டிபிகளில் பெரும்பாலானவை 21 கியர்: முன்னால் 24/34/42, பின்னால் 7 வேக 14–28. பின்னால் இருப்பது கேசட் அல்ல, ஹப்பில் மரை போட்டுத் திருகிய ஃப்ரீவீல். இந்த வண்டியில் ஒற்றை ரிங் போடவே கூடாது என்பது என் கருத்து. 32 போட்டால் முதல் கியர் 1.14, ஃப்ரீவீலை 14–34-க்கு மாற்றினாலும் 0.94. போடிமெட்டில் மூன்றாவது வளைவுக்குள் இறங்கித் தள்ள வேண்டிவரும். அதே 14–34 ஃப்ரீவீலை மட்டும் வாங்கி, முன்னால் மூன்று ரிங்கையும் தொடாமல் விட்டால் 24-க்கு 34, அதாவது 0.71. அந்தப் புகழ்பெற்ற 32-42-ஐவிட இலகுவான கியர். செலவோ அதில் ஒரு சிறு பங்கு. 14–34 ஃப்ரீவீலில் 24 பல்லிலிருந்து ஒரே தாவலாக 34-க்குப் போகும். அந்தத் தாவல் முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் அது வேண்டியது செங்குத்தான இடத்தில்தானே, பழகிவிடும்.

ஃப்ரீவீல் ஹப்புக்கு இன்னொரு குறை உண்டு. வலதுபக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே, ஹப்பின் உடம்பிலேயே இருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சு தாங்கல் இல்லாமல் நீண்டு கிடக்கும். கல் பாதையில் குதித்து இறங்குகிறவர்களுக்கு இந்த அச்சு வளைவதும் ஒடிவதும் சகஜம். பெரிய கேசட் மாட்டும் ஆசை இருந்தால் முதலில், கேசட்டை நுழைத்து மாட்டுகிற ஃப்ரீஹப் உள்ள பின்சக்கரம் வேண்டும். அதற்கு மேல் ஷிஃப்டர், டீரெய்லர், கேசட், செயின், கிராங்க் என்று கூட்டிக்கொண்டே போனால், நல்ல நிலையிலுள்ள முன்னால் இரண்டும் பின்னால் பத்தும் உள்ள ஒரு பழைய 2x10 வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

என்ன வாங்குவது

ஏற்கெனவே ஃப்ரீஹப் இருக்கிறது என்றால் பாதை எளிது. ஷிமானோவின் பழைய எச்ஜி ஃப்ரீஹப் பாடியில் 8 முதல் 11 வேகம் வரையான எம்டிபி கேசட்டுகள் அப்படியே உட்காரும், சிறிய பல் 11 ஆக இருக்கும்வரை. 10 பல்லில் தொடங்குகிற கேசட்டுகளுக்கு வேறு பாடி வேண்டும்; ஷிமானோவின் 12 வேகத்துக்கு மைக்ரோஸ்பிளைன் பாடி. ஃப்ரீஹப்பை மாற்றாமல் இந்த மலைக்குச் சரியாக வருகிற தொகுதி 10 வேகம் 11–46. ஷிமானோ எம்4100 கேசட்டில் அது 11, 13, 15, 18, 21, 24, 28, 32, 37, 46 என்று போகிறது. கடைசித் தாவல் பெரிதுதான், ஆனால் சதவீதக் கணக்கில் பழைய 26-லிருந்து 34-க்கான தாவலைவிடச் சிறியது. மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட் எக்ஸ் 10 வேகம், 11–48. அதுவும் இதே பாடியில் ஏறும்.

8 வேக ஷிஃப்டரை வைத்துக்கொண்டு கேசட்டை மட்டும் பெரிதாக்குகிற சிக்கனக்காரர்கள் 11–40 வரை போகலாம். 30-க்கு 40 என்றால் 0.75, அதோடு சரி. 10 வேகத்துக்குப் போனால் ஷிஃப்டரையும் பின் டீரெய்லரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஷிமானோவின் எம்டிபி 10 வேகத்தில், ஒரு கிளிக்குக்கு கேபிள் இழுபடும் அளவுக்கும் டீரெய்லர் நகரும் அளவுக்கும் உள்ள விகிதம் பழைய 8, 9 வேகத்திலிருந்து வேறு. ஒன்றை மட்டும் மாற்றினால் நடுக் கியர்களில் செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று கரகரக்கும். எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

டீரெய்லர் விஷயத்தில் பலர் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். மொத்தக் கொள்ளளவு என்பது டீரெய்லர் சுருட்டி வைத்துக்கொள்ளக்கூடிய தொங்கும் செயின். முன்னால் மூன்று ரிங் இருந்தபோது 20-ம் பின்னால் 23-ம் சேர்த்து 43 பல் தேவைப்பட்டது. ஒற்றையாக்கி 11–46 போட்டால் 35 தான் தேவை. கொள்ளளவு குறைகிறது. முட்டுவது வேறு இடத்தில்: எத்தனை பல் வரை ஏற முடியும் என்கிற எல்லை. பழைய 8, 9 வேக டீரெய்லர்களுக்கு அது வழக்கமாக 34 அல்லது 36. அதற்கு மேல் போனால் டீரெய்லரில் செயினை வழிநடத்தும் குட்டிச் சக்கரங்களில் மேலே உள்ளது, அதாவது மேல் ஜாக்கி சக்கரம், பெரிய பல்லில் உரசும். டீரெய்லரை ஃபிரேமில் தாங்குகிற ஹேங்கருக்குக் கீழே நீட்டிப்புத் துண்டு மாட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏறுவது ஏறும், ஆனால் சிறிய பற்களில் டீரெய்லர் வெகு தூரத்தில் தொங்குவதால் ஷிஃப்ட் மந்தமாகிவிடும். ஷிமானோவின் எம்5120 மாதிரி, செயின் துள்ளாமல் இறுக்கிப் பிடிக்கிற கிளட்ச் உள்ள டீரெய்லரை வாங்குவதே மேல். கிளட்ச் இல்லாமல் கல் பாதையில் இறங்கினால், தடித்து மெலிந்த பற்கள் இருந்தும்கூட, செயின் துள்ளி விழ வாய்ப்பு உண்டு.

ரிங், போல்ட், செயின் கோடு

இனிதான் முன்னால். கிராங்கின் ரிங் ரிவிட் அடித்ததா, போல்ட் போட்டதா என்று முதலில் பாருங்கள். ரிவிட் என்றால் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். ரிவிட்டை டிரில் போட்டு எடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் போல்ட் போடும் லேத் வேலை நாலு மழைக்குள் ஆட்டம் காணும். போல்ட் போட்டதில் நான்கு கை உள்ள 104 மி.மீ. துளைவட்டம்தான் (போல்ட் துளைகள் அமைகிற வட்டத்தின் விட்டம்) அதிகம் கிடைக்கும். அதில் இயல்பாக உட்காரும் மிகச்சிறிய ரிங் 32. 30 பல் ரிங்கும் விற்கிறார்கள்: அதில் மரை ரிங்கிலேயே இருக்கும், தனி நட் கிடையாது. கிராங்கின் கைகளில் செயின் உரசாமல் இருக்கப் பல் வரிசையைச் சற்றுத் தள்ளிச் செய்திருப்பார்கள். மாட்டியபின் செயினைக் கையால் சுற்றி, கிராங்கின் ஒவ்வொரு கை நுனியையும் அது தொடாமல் கடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 28 வேண்டும் என்றால் 104-ல் வழியில்லை. கிராங்கில் நேரடியாக மாட்டுகிற ரிங்தான்.

மூன்று ரிங் கிராங்கில் நடு ரிங்கின் இடத்தில், கையின் உள்பக்கம், புதிய ரிங் உட்கார வேண்டும். பழைய போல்ட்டைப் போட்டால் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும், ரிங் ஆடும். அது இரண்டு ரிங்கின் கனத்துக்குச் செய்த போல்ட். ஒற்றை ரிங்குக்கான குட்டை போல்ட் செட் தனியாகக் கிடைக்கும். அதைத் தேடி அலைவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: வெளி ரிங் இருந்த இடத்தில் காப்புத்தட்டு ஒன்றை மாட்டிவிட்டால் பழைய நீள போல்ட்டே சரியாகப் பொருந்தும். கருங்கல் பாதையில் ரிங்கின் பல் கல்லில் இடிக்காது, பேன்ட் கால் மாட்டாது. எஃகு போல்ட் 14 முதல் 16 நியூட்டன் மீட்டர். அலுமினியம் என்றால் 10-ஐத் தாண்ட வேண்டாம். நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக இறுக்க வேண்டும்.

இப்போது இந்த வேலையில் அதிகம் கெட்டுப்போகிற இடம்: செயின் கோடு. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து ரிங்கின் பல் வரை உள்ள தூரம். 135 மி.மீ. பின் ஹப்பில் கேசட்டின் நடு ஏறத்தாழ 45-ல் இருக்கும். மூன்று ரிங் கிராங்கின் நடு ரிங் 47.5 அல்லது 50-ல். அளப்பதற்கு ஸ்கேல் போதும். சீட் டியூபின் வலது ஓரத்திலிருந்து பல்லின் நடு வரை அளந்து, டியூபின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். 34.9 மி.மீ. டியூபில் 31.5 வந்தால் 17.5-ம் சேர்த்து 49. அடியில் டியூப் நசுங்கின வடிவமாக இருந்தால் கிராங்கின் அச்சு சுற்றுகிற பி.பி.யைத் தாங்கும் ஓட்டின் முகத்திலிருந்து அளக்கலாம், 73 மி.மீ. ஓட்டுக்குப் பாதி 36.5. 47-க்கும் 50-க்கும் நடுவில் வந்தால் நிம்மதி. 52, 53 என்று வந்தால் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் நாம் நாள் முழுக்க ஏறப்போவது பெரிய பல்லில். அங்கே செயின் வெளியிலிருந்து உள்ளே சாய்ந்து இழுபடும்.

சதுர அச்சு பி.பி. உள்ள வண்டிகளில் இதைத் திருத்துவது எளிது. விலை குறைந்த மூன்று ரிங் கிராங்குகளுக்கு 122.5 மி.மீ. அச்சு போட்டிருப்பார்கள். அதை 113 ஆக்கினால் ரிங் ஏறத்தாழ 4.7 மி.மீ. உள்ளே வரும், நீளக் குறைவில் பாதி. ஆனால் கிராங்க் கையும் உள்ளே வரும். பி.பி.யிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஃபிரேம் குழாயான செயின்ஸ்டேவுக்கும் ரிங்குக்கும் நடுவில் குறைந்தது 3 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிராங்கைக் கழற்றும்போது அதை இழுத்தெடுக்கிற கருவியான புல்லரைக் கையாலேயே கடைசி மரை வரை திருகிவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். பாதி மரையில் இழுத்தால் கிராங்கின் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். பி.பி.யின் வலது கப்பு இடப்பக்க மரை: பெடல் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். உள்ளே கிரீஸ் காய்ந்துபோன பழைய வண்டியில் தவறான திசையில் ஒரு ஆள் தொங்கினால் ஓட்டின் மரை போச்சு, ஃபிரேமும் போச்சு.

எல்லாம் மாட்டியபின் ஒரு சோதனை. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின்னால் பெரிய பல்லில் செயினை வைத்து, பெடலைப் பின்பக்கமாக ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். செயின் 46-லேயே நிற்க வேண்டும். 37-க்கு விழுந்தால் ரிங் வெளியே தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். ஏற்றத்தின் நடுவில் கல்லுக்காகப் பெடலை அரைச் சுற்று பின்னால் இழுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது, கியர் தானாக மாறிப் படாரென்று சத்தம் வரும். செயின் அறுபடுவதும் அப்படித்தான். ரிங்குக்கும் கிராங்க் கைக்கும் நடுவில் 1 மி.மீ. வாஷர் வைத்து உள்ளே தள்ளினாலே பல வண்டிகளில் இது நின்றுவிடும். அதற்கு ஏற்ற நீளத்தில் போல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின் நீளத்துக்குப் பழைய செயினை அளவு பார்க்கக் கூடாது. டீரெய்லருக்குள் விடாமல், முன் ரிங்கையும் பின்னால் பெரிய பல்லையும் சுற்றிச் செயினைப் பிடித்து, அது கூடுகிற இடத்துக்கு மேல் குறைந்தது ஒரு உள் இணைப்பும் ஒரு வெளி இணைப்பும் விட்டு வெட்டுங்கள். 50, 51 பல் என்றால் டீரெய்லரோடு வரும் தாளில் இன்னும் கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள், அதன்படி. பின் சஸ்பென்ஷன் வண்டியில் காற்றை இறக்கி, பின்சக்கரம் ரிங்கிலிருந்து அதிகம் விலகும் நிலையில் வைத்து அளக்க வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டால் பெரிய பல்லுக்கு ஏற்றும்போது டீரெய்லரே ஹேங்கரோடு பிடுங்கிக்கொள்ளும். தடித்த பல்லில் வெளித்தட்டு உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பல் மாறி உட்கார்ந்தால் செயின் ரிங்கின் மேலே மிதந்துகொண்டிருக்கும். 8 வேகச் செயினுக்கு உள்ளகலம் சற்று அதிகம், 2.38 மி.மீ.; 9 வேகத்துக்கு மேல் 2.18. தடித்தும் மெலிந்தும் பல் உள்ள அந்த அகல–குறுகல் ரிங்கில் 8 வேகச் செயின் ஓடும், ஆனால் பிடிப்பு கொஞ்சம் தளர்வு.

பிறகு, டீரெய்லரைக் கேசட்டிலிருந்து தள்ளி நிறுத்துகிற பி ஸ்க்ரூ. பெரிய பல்லில் செயின் இருக்கும்போது மேல் ஜாக்கி சக்கரத்துக்கும் பல் நுனிக்கும் நடுவில் 5, 6 மி.மீ. இடைவெளி. கேசட் பெரிதாகப் பெரிதாக இந்தத் திருகு முக்கியமாகிறது. பழைய 34-ல் அதைத் தொடாமலேயே காலம் ஓட்டியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். ஹேங்கர் ஒரு டிகிரி வளைந்திருந்தாலும் 46-ல் காட்டிக்கொடுத்துவிடும். ஷிஃப்ட் சரியாக வரவில்லை என்றால் கேபிளைத் திருகிக்கொண்டே இருக்காமல் ஹேங்கரை நிமிர்த்துங்கள்.

இடது கை ஷிஃப்டரைக் கழற்றும் முன் ஒன்று. விலை குறைந்த வண்டிகளில் பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே உடம்பு. ஷிஃப்டரை மட்டும் பிரித்தெடுக்க முடியாவிட்டால் கேபிளை உருவிவிட்டு அப்படியே விட்டுவிடலாம். பார்வைக்கு அசிங்கம், ஓட்டத்துக்கு ஒன்றும் இல்லை. ஃபிரேமில் முன் டீரெய்லர் கேபிள் நுழைந்த துளையை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். இடுக்கிப் பக்கம் மழை பிடித்தால் நேராகக் கொட்டுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கும். அந்தத் துளை வழியாக இறங்கிய தண்ணீர் பி.பி.யில் போய்த்தான் நிற்கும்.

தேய்மானம்

மூன்று ரிங்கில் பகிர்ந்த வேலையை இப்போது ஒரே ரிங் செய்கிறது. மெட்டுக்கு மேலே தென்மேற்குப் பருவமழையில் ஏலத்தோட்டத்துச் செம்மண், கீழே வந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை, நடுவில் கம்பம் பள்ளத்தாக்கின் கோடைப் புழுதி. அகல–குறுகல் பற்களின் பிடிப்பு, பல்லின் பக்கச் சுவர்களில்தான் இருக்கிறது. சேறும் எண்ணெயும் கலந்த பசை அந்தச் சுவர்களை அரம் போல ராவும். முதலில் தடித்த பற்கள் ஓரத்தில் மெலிந்து, சற்று வளைந்து கொக்கியாகும். அந்த நிலை வந்தால் கிளட்ச் இருந்தும் செயின் விழும். ஒற்றையாக்கிய புதிதில் விழாத செயின் ஆறேழு மாதம் கழித்து விழ ஆரம்பித்தால் டீரெய்லரைக் குறை சொல்லும் முன் ரிங்கைக் கழற்றிப் பாருங்கள். அலுமினிய ரிங்தான் கடைகளில் அதிகம்; எஃகு ரிங் கிடைத்தால் இந்தப் பாதைகளுக்கு அதுவே மேல், கூடுதல் எடையைப் பொருட்படுத்த வேண்டாம்.

செயின் அளவுகோல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது கேசட்டின் விலையை மிச்சப்படுத்தும். 10 வேகம் வரை 0.75 சதவீதம் நீண்டதும் செயினை மாற்றிவிட வேண்டும். 11, 12 வேகத்துக்கு 0.5. தாண்டிவிட்டால் நாம் அதிகம் புழங்கும் பற்கள் செயினோடு சேர்ந்து தேய்ந்துவிடும், புதுச் செயின் அவற்றில் தாவும். 11–46 கேசட்டில் பெரிய பற்கள் சேர்த்து ரிவிட் அடித்த கூட்டமாக வரும். ஒன்று தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. மழைக்காலத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் செயினையும் ரிங்கையும் தண்ணீர் விட்டுத் துடைத்து, காய்ந்தபின் ஈரத்துக்கான எண்ணெயை உருளைகளுக்கு மட்டும் விட்டு, வெளியில் உள்ளதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம், செம்மண்ணை அது ஒட்டி வைத்துக்கொள்ளும். டீரெய்லரின் கிளட்ச் வெயில் மாதங்களில் இறுக்கமாகவும் மழை முடிந்ததும் தொளதொளவென்றும் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எம்5120 வகையில் மூடியைக் கழற்றி, துடைத்து, அதற்கான கிரீஸ் வைத்து, பக்கத்துத் திருகால் இறுக்கத்தை மறுபடி வைக்கலாம்.

கழற்றிய 22, 42 ரிங்குகளையும் முன் டீரெய்லரையும் விற்றுவிட வேண்டாம். ஒற்றையில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, தோட்டத்துப் பாதையில் இன்னும் முதல் கியர் போதவில்லை என்றால், 104 மி.மீ. கிராங்கின் உள்பக்கத்தில் 64 மி.மீ. துளைவட்டம் காலியாகவே இருக்கும். அங்கே 22-ஐயும் நடுவில் சாதாரண 32-ஐயும் வெளியில் காப்புத்தட்டையும் மாட்டி, பழைய 11–34 கேசட்டோடு இரண்டு ரிங்காக ஓட்டலாம். 42 மட்டும்தான் போயிருக்கும், 0.65 திரும்பி வந்திருக்கும். 30-ம் 46-ம் வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள் முதலிலேயே இதைச் செய்துவிடலாம். அகல–குறுகல் ரிங்கை மட்டும் இந்த நடு இடத்தில் விட்டுவைக்கக் கூடாது; 22-லிருந்து ஏற்றும்போது செயினை அது வாங்கிக்கொள்ளாது.